சேலையூர் அமெரிக்காக்காரர்

மணி ஒன்பதே முக்கால். கேம்ப் ரோடு முனை டீக்கடையில் அப்பாதுரை மூன்றாவது டீயை வாங்கிக் குடிக்காமலே ஆறவிட்டார். தபால்காரர் சிட்டிபாபுவின் சைக்கிள் இன்னும் கண்ணில் படவில்லை.

உட்கார்ந்தார். எழுந்தார். எட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று நடுரோடுவரை போய்விட்டார். தாம்பரம் பஸ் அவரை உரசாத குறையாகப் போயிற்று.

"சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று டிரைவர் கத்தியதுகூட அவர் காதில் ஏறவில்லை.

மனைவி அருள்மேரி ஹூஸ்டனில் நர்ஸ். கிரீன் கார்டு கைக்கு வந்த சூட்டோடு புருஷனுக்கு ஸ்பான்சர் மனு போட்டாள். இந்தத் தொண்ணூற்றிரண்டாம் வருடத்தோடு நாலு வருடம். வீட்டில் அவள் அம்மா பேபியம்மா வாசலை விட்டு நகராமல் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாதுரையோ தினமும் இந்த முனைக்கே வந்துவிடுவார். 'பாவம், தபால் வீடு வந்து சேரும்வரைகூட மனுஷனுக்குப் பொறுக்கலை' என்று தெருவே உச்சுக்கொட்டியது.

விசா வந்தால் திடீரென்று கிளம்ப வேண்டியிருக்கும் என்று சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி வேலையை மூன்று வருடம் முன்பே விட்டாயிற்று. அன்றிலிருந்து அவர் வெறும் அப்பாதுரை இல்லை, அமெரிக்கா சார். சர்ச்சில் முதல் பெஞ்சு, கல்யாண வீட்டில் முதல் பந்தி, நர்சரி பள்ளி ஆண்டு விழாவில் தலைமை உரை. விமானத்தை மீனம்பாக்கம் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் ஹூஸ்டனில் ரோட்டில் துப்பினால் என்ன தண்டனை என்பதுவரை சொல்வார்.

தெருக்காரர் தட்சிணாமூர்த்தி டிபன் பாக்ஸும் கையுமாக வந்து நின்றார். போன மாதம்தான் பெண்ணை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்.

"சார், பொண்ணு எப்போ போவா? மாப்பிள்ளை ரெண்டு மூணு வருஷம் ஆகும்ங்கறாரே?"

"மாப்பிள்ளை கிரீன் கார்டா, சிட்டிசனா?" நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டர் மாதிரி கேட்டார் அப்பாதுரை.

"கிரீன் கார்டுதான்."

"அப்போ க்யூதான். சிட்டிசனோட பெண்டாட்டின்னா க்யூ கிடையாது, நேரா உள்ள போயிடலாம். உங்களுக்கு மனு போட்ட தேதிதான் டோக்கன். முறை வந்ததும் கான்சுலேட்லேர்ந்து ரிஜிஸ்டர் தபால் வரும். அதை மட்டும் கோட்டை விட்டுடாதீங்க. பதில் போகலைன்னா ஃபைலைக் கட்டிப் பரண்ல போட்டுடுவான்."

தட்சிணாமூர்த்தி தீர்த்தம் வாங்குகிற பவ்யத்தோடு கேட்டுக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்ச உங்களுக்கே நாலு வருஷம் இழுக்கறானே, சார்!"

"வெள்ளைக்காரன் சிஸ்டம். நாம தள்ளினா நகருமா?"

"ஞாயித்துக்கிழமை போன்ல உங்க வீட்டம்மா ரொம்ப அழுதாங்களாமே. உங்க மாமியார் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க."

அப்பாதுரை முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அழத்தான் செய்வா. நாலு வருஷமா தனியா கிடக்கறாளே."

"போனா உங்களுக்கு அங்க வேலை?"

"அதெல்லாம் ரெடி. அவ ஆஸ்பத்திரியிலேயே. அட்மினிஸ்ட்ரேஷன் பக்கம்."

அருள்மேரி எழுதியிருந்தது, நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பிரிவு. அது அட்மினிஸ்ட்ரேஷன் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர் சொன்னதில் பொய்யில்லை.

"தபால் வந்ததும் சொல்லுங்க சார். தெருவுல பத்தாயிரம் வாலா வெடிச்சே ஆகணும்!" என்று சொல்லிவிட்டு, எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க ஓடினார் தட்சிணாமூர்த்தி.

பத்தே கால். கடைசியில் அந்தச் சைக்கிள் வந்தது. சிட்டிபாபு மணி அடிக்கவில்லை. கண்ணால் ஒரு ஜாடை காட்டிவிட்டு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய் நிறுத்தினார். அப்பாதுரை பாதி ஓட்டமாகப் போனார்.

"வந்து கீது சார்."

நீளமான உறை. மூலையில் அமெரிக்கக் கழுகு முத்திரை. அப்பாதுரைக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. கையில் வாங்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கேப்பா."

"உள்ள நெறைய பேப்பர் கீது போல. இன்னா சார், கையெயுத்து போடறியா?"

அப்பாதுரை பேனாவை வாங்கினார். நாலு வருடக் காத்திருப்பு ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துக் கும்பிட்டார். "வணக்கம், அமெரிக்கா சார்!"

அப்பாதுரை நிமிர்ந்து, கையைப் பாதி தூக்கி, பெருந்தன்மையாகத் தலையசைத்தார். ஸ்கூட்டர் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பேனாவை மூடி, உறையின் மேல் வைத்து, இரண்டையும் சிட்டிபாபுவிடமே கொடுத்தார்.

"போன ரெண்டு வாட்டியும் எழுதினியே, 'வீடு பூட்டியிருக்கு'ன்னு... அதையே எழுதித் திருப்பி அனுப்பிடுப்பா."