உளவாளி மௌத்தான கிழமை

சாய்ந்தமருது மீனவன் ஆதம்பாவாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. வாராவாரம் அவன் வாங்கி வரும் இதழிலிருந்து உளவாளித் தொடரை மனைவி சபூறாதான் வாசித்துக் காட்டுவாள்.

அந்தக் கிழமை உளவாளி மாறன் சுடப்பட்டு விழுந்தான். சுட்டவள் அவன் பெண்சாதி. எதிரி நாட்டு ஒற்றர்களுக்குத் தலைவியே அவள்தானாம்.

"மௌத்தாகிட்டானா?"

"ஓம்."

ஆதம்பாவாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரே பாயில படுத்தவள் சுடுவாளா? எழுதினவனுக்கு ஈவிரக்கம் இல்லையா புள்ள?" என்று புலம்பினான்.

மறுநாள் காலையிலேயே கல்முனைப் பத்திரிகைக் கடைக்குப் போனான். "எழுதினவருக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. மாறன உசிரோட எழுப்பச் சொல்லணும்."

கடைக்கார இராசதுரை அவனை ஒருமாதிரிப் பார்த்தார். "அந்தத் தொடர் நிண்டு மூணு மாசமாச்சே. இப்ப அந்தப் பக்கத்தில சமையல் குறிப்பெல்லோ வருது."

ஆதம்பாவா வீடு திரும்பியபோது சபூறா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாகக் கப்பல்களை வெடிக்க வைத்தவள், கள்ளக் கடவுச்சீட்டில் மாறனை நாடு நாடாக அனுப்பியவள், எல்லாம் இவள்தான். அவன் அவளருகே குந்தினான்.

"ஏன் புள்ள அவன மௌத்தாக்கின?"

சபூறா அடுத்த மீனைக் கையிலெடுத்தாள்.

"எந்த நேரமும் அவனப்பத்தித்தானே கதைக்கிறீங்க. ஒருநாளைக்காவது என்னப்பத்திக் கதைச்சீங்களா?"