கட்டிலடியில் பகல் சாப்பாடு

அந்த மனுசனுக்கு மனசாட்சியே கிடையாது என்று கமறியா முடிவு செய்து மூன்று நாளாகிறது.

அவன் பெயர் அழகன். பக்கத்துக் கட்டில் அம்மாக்கண்ணுவின் புருசன். அம்மாக்கண்ணுவுக்குக் கண்டியில் வாய்க்குள்ளே ஆபரேசன் செய்து, புண் ஆறும்வரை இங்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் பால், வடித்த கஞ்சி எல்லாம். பேசவும் முடியாது. சொல்ல வேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவாள்.

அப்படிக் கிடக்கிறவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அழகன் தினமும் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்களை உள்ளே விடுவார்கள். வட்டகொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன், முதல் ஆளாக வார்டுக்குள் நுழைவான். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, மடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பான். ஒருநாள் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. ஒருநாள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். வாசனை வார்டு முழுக்கப் போகும்.

சும்மாவும் சாப்பிட மாட்டான். "போஞ்சிக்காய இன்னைக்கிப் பால் விட்டு ஆக்குனேன். உப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சு. நீ ஆக்குனா இப்புடிக் கொழையாது" என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் நர்ஸ் மிஸ்ஸும் பாலோடு வருவாள். பெண்டாட்டிக்கு மூக்கில் பால் இறங்கும். புருசனுக்கு வாயில் கருவாடு இறங்கும். அம்மாக்கண்ணு அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் ஒரு வாய் வைக்கும்போதெல்லாம் அவள் தொண்டை ஏறி இறங்கும்.

கமறியாவால் அதைப் பார்க்க முடியவில்லை. காலில் சீனி வியாதிப் புண்ணோடு படுத்திருக்கிற அவளுக்கு, மருமகள் அஸ்மியா கொட்டகலையிலிருந்து பகல் சோறு கொண்டுவருவாள். அதைக்கூடக் கமறியா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல், பெட்டி கழுவப் போனவன் பின்னாலேயே நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போனாள்.

"தம்பி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒரு வாய் தண்ணி குடிக்க ஏலாமக் கெடக்குறவங்களுக்கு முன்னால இப்புடிச் சாப்பிடலாமா? வெளியில பெஞ்சு போட்டிருக்கு. அங்க இருந்து சாப்பிட்டுட்டு உள்ள வாங்க."

அழகன் நனைந்த பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான். என்னவோ சொல்ல வந்தான். பிறகு, "சரிங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

மருமகள் வந்ததும் கமறியா நடந்ததைச் சொன்னாள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது என்றாள் அஸ்மியா. ஒரு பொம்பளைக்கு நல்லது செய்த நிம்மதியில் கமறியா அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அழகன் வெறுங்கையோடு வந்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து, வலி எப்படி என்று கேட்டான். தோட்டத்து லீக்ஸ் பாத்தியில் மழைத்தண்ணீர் நின்றதைச் சொன்னான். நேற்று அடுப்படியில் மறதியாக இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டதைச் சொல்லி, தானே சிரித்துக்கொண்டான். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. அவன் மடியைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையைத் தேடினாள்.

நர்ஸ் மிஸ் பாலோடு வந்தாள்.

மற்ற நாளெல்லாம் தானே முகத்தை நிமிர்த்திக் கொடுக்கிற அம்மாக்கண்ணு, இன்றைக்குக் குழாயின் முனையை மடித்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். மிஸ் சிங்களத்திலும் தெரிந்த தமிழிலும் கெஞ்சிப் பார்த்தாள். சாப்பாடு உள்ளே போகாவிட்டால் புண் ஆறாது என்றாள். அழகனும் சொல்லிப் பார்த்தான். அவள் விரல் பிரியவில்லை.

மற்றக் கையால் கொப்பியை இழுத்து, அவனிடம் எதையோ எழுதிக் கேட்டாள். அவன் தன்னையும் அறியாமல் கமறியாவை ஒருதரம் பார்த்துவிட்டான்.

அம்மாக்கண்ணுவும் கமறியாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழுதினாள். தாளைக் கிழித்து நீட்டினாள்.

கமறியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு அஸ்மியா கொண்டுவந்து வைத்திருந்த சாப்பாட்டைத் திறந்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, மீன் துண்டை எடுத்து மேலே வைத்து, எழுந்துபோய் அழகன் கையில் கொடுத்தாள்.

"இங்கேயே இருந்து சாப்பிடுங்க தம்பி. கறி எப்படின்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."

அழகன் சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தான். அம்மாக்கண்ணுவின் விரல்கள் குழாயை விட்டன. மிஸ் மெதுவாகப் பாலை ஊற்றினாள்.

கமறியாவின் கையிலிருந்த தாளில் கோணல் எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது:

"அக்கா, அவர ஏசாதீங்க. கட்டுன நாள்ல இருந்து நாங்க தனித்தனியா சாப்புட்டதில்ல. இங்க கொண்டாந்து சாப்புடச் சொன்னதே நாந்தான். அவரு சாப்புட்டாத்தான் எனக்கு இந்தப் பாலு சோறு மாதிரி எறங்குது."