விலை ஏறாத அரிசி

"வீட்டுல உக்காந்துக்கிட்டு நீயா ஒரு விலையை எழுதுறியா, சைரகுல்?"

மேலதிகாரி ஜெனிஷ்பெக் இப்படிக் கேட்டதும் சைரகுலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஓஷ் நகரப் புள்ளியியல் அலுவலகத்துக்காகச் சந்தையில் விலை விசாரித்து வருவதுதான் அவள் வேலை.

"ஊரெல்லாம் அரிசி விலை ஏறுது. உன் தொக்தாசின் கடையில மட்டும் ரெண்டு வருஷமா கிலோ நூத்திருபது சோம். உன் புண்ணியத்துல ஓஷ்ல விலைவாசியே ஏறலைன்னு கணக்கு வருது. என் பொண்டாட்டி கேட்டா கரண்டியால அடிப்பா."

"அவர் சொன்னதைத்தான் எழுதுறேண்ணே. அதே கடை, அதே அரிசி. அப்பத்தான் போன மாசத்தோட ஒப்பிட முடியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அரசாங்க ஆளுன்னு உளறித் தொலைச்சியா?"

"மூச்சு விடல. வரிக்காரங்கன்னு நெனச்சுப் பொய் சொல்லுவாங்கன்னு அதையும் நீங்கதான் சொன்னீங்க. வாங்க வந்தவ மாதிரி விலை கேப்பேன், திரும்பிடுவேன்."

"கிளம்பு, நேர்லயே பார்த்துடுவோம். பொய்னு தெரிஞ்சா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

சந்தைக்குள் நுழைந்ததும் ஜெனிஷ்பெக் தன் கல்பாக் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். சைரகுலைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே முதலில் தொக்தாசின் கடைக்குப் போனார்.

"தேவ்சிரா அரிசி என்ன விலை, பெரியவரே?"

"நூத்தி எண்பது, தம்பி. பலாவ் பண்ணிப் போடுங்க, சம்பந்தி சண்டைகூடத் தீர்ந்துடும்."

ஜெனிஷ்பெக் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வேலை போய்விட்டது என்றே சைரகுலுக்குத் தோன்றியது. அவளும் முன்னால் வந்து விலை கேட்டாள்.

தொக்தாசின் முகமெல்லாம் சிரிப்பானார். "வாம்மா. அதே நூத்திருபதுதான். ஏறவே இல்ல."

ஜெனிஷ்பெக்குக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்யா, எனக்கு ஒரு விலை, அவளுக்கு ஒரு விலையா? என் மூஞ்சியில ஏமாளின்னு எழுதி ஒட்டியிருக்கா?"

தொக்தாசின் பதறிப்போய் அவரை மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். காலமெல்லாம் கூவி விற்ற தொண்டை. கிசுகிசுத்தது சைரகுலுக்கு நன்றாகவே கேட்டது.

"மெதுவாப் பேசுங்க தம்பி, அந்தப் பொண்ணு காதுல விழப்போகுது. மாசம் தவறாம வருது. அதே பழைய கோட்டு. அரிசியை அள்ளிப் பார்க்கும், விலை கேக்கும், தலையை ஆட்டிட்டுப் போயிடும். இதுவரைக்கும் ஒரு கிலோ வாங்கினதில்ல. வீட்டுல என்ன கஷ்டமோ."

சைரகுல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடப் பிறந்த அண்ணன் வயலில் விளைந்த அரிசி அவள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

ஜெனிஷ்பெக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

தொக்தாசின் மேலும் குரலைத் தாழ்த்தினார்.

"சும்மா கொடுத்தா ரோஷம் வந்துடும். அதான் அதுக்கு மட்டும் விலையை ஏத்தாம வச்சிருக்கேன். இன்னைக்கும் வாங்கலைன்னா, அடுத்த தடவை நூறுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."