தையல்கடை முன்னால் எட்டு விநாடி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். கால் மரத்துப்போவதற்குள் முடித்துவிடுவேன்.

ஒரு தையல்கடை. ஒரு மத்தியானம் அதன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் துணி இல்லை, டேப்லெட் இருந்தது. பஸ் கம்பெனி இன்ஜினீயராம்.

"அம்மா, உங்க கடை முன்னால மட்டும் பஸ் ஏன் மெதுவாப் போகுது?"

தையல்காரி பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டு, "அதை டிரைவர்கிட்ட கேளும்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த பஸ்ஸில் ஏது டிரைவர்?

பத்து மாதமாக அந்தச் சாலையில் தானே ஓடுகிற பஸ்கள்தான். அவசரத்துக்கென்று டிரைவர் சீட்டையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஸ்டீயரிங் தன்பாட்டுக்குத் திரும்பும். நிறுத்தத்தில் கச்சிதமாக நிற்கும். மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களுக்காக மட்டும் நிற்காது. தாமதமாக வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் இல்லையே என்பதுதான் ஜனங்களுக்கு இருந்த ஒரே குறை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தப் பெண் விளக்கினாள்.

நல்ல டிரைவர் ஒருவர் மூன்று மாதம் ஓட்டியதைப் பதிவு செய்து, அதை வைத்துத்தான் இந்த வண்டிகளுக்கு இந்த வழியைப் பழக்கினார்களாம். அவர் பிரேக் போட்ட இடத்தில் இவையும் போடும். இந்தக் கடை வந்ததும் அத்தனை வண்டியும் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறது. இங்கே பள்ளம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, நிறுத்தமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் எட்டு விநாடி வீண். காரணம் தெரிந்தால் எழுதிவைப்பாள். தெரியாவிட்டால் இன்று சாயங்காலமே அதை எடுத்துவிடுவாள்.

தையல்காரியின் கத்தரி பாதித் துணியில் நின்றது.

அந்த டிரைவர் அவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர்.

அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று இவள் டிப்போவுக்குப் போன் போட்டாள். சேதி அவனை நடுவழியில் எட்டியது. பஸ் நிறைய ஆட்கள். இறக்கிவிட மனம் வரவில்லை, கடைசி நிறுத்தம் வரை ஓட்டிவிட்டுத்தான் வந்தான். வந்தபோது அம்மா இல்லை.

"உனக்கு அம்மாவைவிட வண்டிதான் பெரிசு. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றாள் இவள்.

கோபத்தில் வாய்க்கு வந்ததுதான். அவனோ சிவப்பு விளக்கை மதிக்கிற மாதிரி அந்தச் சொல்லை மதித்துவிட்டான்.

இவள் மட்டும் லேசுப்பட்டவளா? தெருவைப் பார்த்துக் கிடந்த தையல் மெஷினை மறுநாளே சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எவளாவது ஊசியில் நூல் கோப்பாளா? இவள் கோத்தாள். பத்தொன்பது வருஷம்.

போன மழைக்காலத்தில், வேறு ஊரில், மகள் வீட்டில் அவன் கண்ணை மூடினான். இவளுக்குச் சேதி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"எனக்கென்னம்மா தெரியும்" என்றாள் இன்ஜினீயரிடம். "நான் ரோட்டுப் பக்கமே திரும்பறதில்லை."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு எழுந்தாள். போகிற போக்கில் முன்முடியைச் சரிசெய்துகொள்ளலாம் என்று, மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் அவள் முகம் இல்லை.

சட்டம் ஒரு பக்கமாகச் சாய்த்து ஆணியடித்திருந்தது. அதில் தெரு தெரிந்தது. எதிர்ச்சுவர் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வந்த பஸ்ஸும் தெரிந்தது. அது மெல்ல, மெல்ல நகர்ந்தது. காலியான டிரைவர் சீட்டு கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயிற்று.

தையல்காரியின் கால் மிதியில் அசையாமல் இருந்தது. கண் மட்டும் கண்ணாடியோடு போனது.

தினமும் வெயிலில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போன தம்பிக்கு, கடையின் உள்ளிருட்டில் தொங்கும் கண்ணாடி எங்கே தெரிந்திருக்கும்? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகு.

அந்தப் பெண் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பதிவுல அவர் முகமும் இருக்கும்மா. இங்க வர்றப்பல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கார். ஒரு நாள்கூடத் தவறலை."

"தெரியும் கண்ணு" என்றாள் தையல்காரி. "நான் பார்த்தது அவனுக்குத்தான் தெரியாது."

இன்ஜினீயர் டேப்லெட்டைத் திறந்தாள். காரணம் என்று கேட்ட கட்டத்தில், 'இங்கே ஒருவர் காத்திருக்கிறார்' என்று எழுதினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

இருவருமாகத் தூக்கி, அதைத் தெருவைப் பார்த்துப் போட்டார்கள்.

அடுத்த பஸ் வந்தபோது, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை நன்றாக நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள் அக்கா. எட்டு விநாடியும்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. உங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகட்டும். அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது, உங்கள் வீட்டு முகமெல்லாம் வாசலைப் பார்த்தே இருக்கட்டும்.