பின்சீட்டில் செவலை

வலது கையில் ஸ்டியரிங். இடது கை மட்டும் பின்பக்கம் போய், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் துண்டின் மேல் கவிழ்த்தது.

அதுதான் கடைசிப் பாட்டில்.

"ஏட்டி செவலை, கொஞ்சம் பொறுத்துக்க. இன்னும் இருவது நிமிசம்தான்."

பின்சீட்டில் ஈரத்துண்டுக்கு அடியில் கிடந்த செவலை காதைக்கூட அசைக்கவில்லை. பதினாலு வயசுக் கிழநாய். நாக்கு சீட்டைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. வயிறு மட்டும் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

மே மாதம். மத்தியானம் ஒன்றரை மணி. நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. ஏசி அணைந்திருந்தது.

இரண்டையும் தொடக் கூடாது. உத்தரவு.

கார் இசக்கியுடையதல்ல. இன்னும் பெயரே வைக்காத, சந்தைக்கே வராத கார். யாருக்கும் அடையாளம் தெரியாதிருக்க, உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி ஸ்டிக்கர். ஒரகடத்தில் ஒரு கம்பெனி இந்தக் கோடையில் அதன் ஏசியைச் சோதித்துக்கொண்டிருந்தது. இசக்கி அதை ஓட்டும் டெஸ்ட் டிரைவர். கான்ட்ராக்ட். கூரையிலிருந்து தொங்கும் மெல்லிய ஒயர்கள், காருக்குள் எத்தனை டிகிரி என்று நொடிக்கு நொடி ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வண்டி எங்கே நின்றாலும் அதுவும் தெரிந்துவிடும்.

போன வருஷம் கத்திரி தொடங்கிய மூன்றாம் நாளே செவலை சுருண்டு விழுந்தது. படப்பையில் இசக்கி வாடகைக்கு இருக்கும் அறைக்குத் தகரக் கூரை. மாட்டு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, அடுத்த வெயிலைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் இசக்கிக்கு ஒரு யோசனை வந்தது.

கம்பெனி கேட்டைத் தாண்டியதும் வண்டியைப் படப்பைக்கு விடுவான். டீக்கு நிறுத்தியதாகச் சொல்லிவிட்டு, செவலையைத் தூக்கிப் பின்சீட்டில் போடுவான். வாலாஜாபாத் வரை போய், திரும்பி, மறுபடியும் போய்... பொழுது சாயும்வரை இருபத்திரண்டு டிகிரி. புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர்கள் கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் மிதந்து போகும். செவலை தூக்கத்தில் காலை உதைத்து உதைத்து எதையோ துரத்திப் போகும். இருபது நாளாக இந்தச் சொர்க்கம் யாருக்கும் தெரியாது.

தெரிந்தால் வேலை காலி. டெஸ்ட் வண்டியின் பின்சீட்டில் ஒரு பேப்பர்கூட வைக்கக் கூடாது. பெண்டாட்டியை வழியில் ஏற்றிச் சந்தையில் இறக்கிவிட்ட டிரைவர் மாசானத்தை, அன்று சாயங்காலமே கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கு நாயை ஏற்றிக்கொண்டு படப்பையைத் தாண்டிய பிறகுதான் போன் வந்தது. என்ஜினியர் ஷாரோன். அவன் அவளைப் பார்த்ததே இல்லை. தினமும் காதில் விழுகிற ஒரு குரல், அவ்வளவுதான்.

"அண்ணே, புது டெஸ்ட்டு. நாப்பது நிமிஷம் ஏசி ஆஃப். கண்ணாடிய எறக்காதீங்க, எங்கயும் நிறுத்தாதீங்க."

என்னவென்று சொல்லி மறுப்பான்?

சரி மேடம் என்றான்.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் ரோடு உருகி ஏரியானது. எதிரே வந்த லாரிகள் தண்ணீர் மேல் நடந்து வந்தன. ஒரு கம்பெனி பஸ் தலைகீழாக மிதந்து, கிட்டே வந்ததும் நிமிர்ந்துகொண்டது. எல்லாமே மெதுவாக, எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது. காருக்குள் என்ன ஒரு அமைதி!

அமைதி?

இசக்கிக்குச் சுரீரென்றது. இவ்வளவு நேரம் காதில் விழுந்த இரைப்பு இப்போது விழவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். செவலையின் கண் பாதி திறந்திருந்தது. நாக்கு நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

வேலையாவது மயிராவது.

ஏசி பொத்தானைக் குத்தினான். காற்று சீறிக்கொண்டு வந்தது. பின்சீட்டுக்கான துவாரங்களை முழுக்கத் திருப்பினான். துண்டை உருவி எறிந்து, ஈர வயிற்றில் காற்று படவிட்டான். பத்து நொடி இருக்கும். போன் அடித்தது.

ஷாரோன்.

"ஏசி போட்டீங்களாண்ணே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போட்டுட்டேன் மேடம். வந்து சாவியக் குடுத்துருதேன்."

"சாவி இன்னாத்துக்கு? போடறதுதான் போடறீங்க, இவ்ளோ லேட்டாவா போடுவீங்க?"

இசக்கியின் கால் பிரேக்குக்குப் போனது.

"மேலேருந்து வந்த டெஸ்ட்டு, என்னால நிறுத்த முடியல. நீங்களே போட்டுடுவீங்கன்னு பாத்துக்கினே கீறேன், மனுஷன் போடற மாதிரியே தெரில! பேசாம ஓட்டுங்க. லைன்லயே இருங்க."

ஓட்டினான். போனில் அவள் மூச்சுவிடுவது கேட்டது. வழக்கமான குரல் இல்லை. ஜெபம் சொல்கிற மாதிரி, தாழ்ந்த குரல்.

"நாப்பத்தொண்ணு."

ஏரி பின்வாங்கி, வெறும் ரோடாகிக்கொண்டிருந்தது.

"நாப்பதே முக்கா... நாப்பதரை..."

பின்னால் ஒரு செருமல். செவலை மறுபடி இரைக்கத் தொடங்கியிருந்தது. இசக்கி டேஷ்போர்டைப் பார்த்தான். காருக்குள் இருபத்தொன்பது என்று காட்டியது.

"மேடம், இங்கன இருவத்தொம்பதுதான் காட்டுது. நீங்க எதைப் பாத்துச் சொல்லுதீங்க?"

ஷாரோன் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"பின்சீட்டு உறைக்கு உள்ள ஒரு சென்சார் கீதுண்ணே. டிரைவருங்களுக்குச் சொல்றதில்ல. இருவது நாளா காரு பூரா இருவத்திரெண்டு காட்டும், அது மட்டும் உசுருள்ள ஒடம்புச் சூடு மாதிரி முப்பத்தெட்டுல நிக்கும். மூச்சு வுடற மாதிரி லேசா ஏறும், எறங்கும். நான் தெனமும் 'சென்சார் பழுது, ஓட்டத்துக்குத் தொந்தரவில்ல, மாத்த வேணாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கினு கீறேன்."