நாலாவது இன்ஜெக்டர்

"மனுஷன் தூங்குறாரா?"

"குறட்டை கேக்குது. சீக்கிரம் கழட்டுக்கா."

கார் ஷெட்டுக்குள் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அக்கா இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தாள். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் மூன்று கழன்று வந்துவிட்டன. நாலாவது மட்டும் கரி பிடித்து, அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது. கதவருகே காவலுக்கு நின்ற தம்பி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"மூணு போதும்க்கா. வா, போயிடலாம்."

"போன தடவை பேட்டரியைத் தூக்கினோமே, என்ன ஆச்சு? சாயங்காலமே வேற ஒண்ணு மாட்டிட்டார். இந்தத் தடவை அரைகுறையா விட மாட்டேன்."

நெம்பினாள். ஸ்பேனர் நழுவி, தரையில் கணீரென்று விழுந்தது.

குறட்டை நின்றது.

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. ஓட வழியில்லை. கதவு திறந்தது.

"அப்பா..." என்றாள் அக்கா, டீசல் படிந்த கைகளைப் பின்னால் மறைத்தபடி.

காலமெல்லாம் மெக்கானிக்காக இருந்த அப்பா, கழட்டி வைத்திருந்த மூன்றையும் பார்த்தார். தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நெம்பாதே, உடைஞ்சுடும்."

அவளை விலக்கிவிட்டு, இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி, நாலாவதை அவரே உருவினார். அதை அவள் கையில் வைத்தார்.

"நேத்து நம்ம தெருவுக்குள்ளயே வண்டியில சுத்திச் சுத்தி வந்தேன். நம்ம வீடு எதுன்னே தெரியலைம்மா."

அக்கா நாலையும் ஒரு துணியில் சுற்றினாள்.

"எங்கயாவது ஒளிச்சு வைங்க. நாளைக்கு நான் எல்லாத்தையும் மறந்துட்டு, எவன்டா எடுத்தான்னு குதிப்பேன். கால்ல விழுந்து கேட்டாலும் தந்துடாதீங்க."