காணாமல் போன தழும்புகள்

கடலாடி கரிமூட்டத்தில் வேலை பார்த்த வீரையாவின் முழங்காலில் இருந்த அரிவாள் தழும்பைக் காணவில்லை. மறுவாரம் கையில் அம்மை குத்திய தழும்பும் போயிருந்தது.

"ஏங்க, கழுவுனா அழிஞ்சு போக அதென்ன கரிக்கறையா?" என்றாள் மனைவி பூமயில்.

"போறது போகட்டும். எனக்கு மூச்சு வந்தாப் போதும்டி."

கரிப்புகையில் அவர் நுரையீரல் உள்ளுக்குள்ளேயே தழும்பேறி இறுகியிருந்தது. உடம்பில் புண் வந்தால், 'நாரைப் பின்னி மூடு' என்று செல்களுக்குச் சேதி அனுப்ப ஒரு நொதி உண்டு. புண் மூடியதும் அது அடங்கிவிட வேண்டும். அவருக்கு அடங்கவேயில்லை. நொதியை அடக்க ஒரு புது மாத்திரை மட்டும் கொடுத்து, பின்னிய நார் இனிப் பிரியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஊர்க்கோயிலில் சங்கு ஊதுகிறவர், சங்கைத் தொட்டே மூன்று வருஷமாகியிருந்தது.

அந்தப் பொங்கலன்று வீரையா சங்கை எடுத்தார்.

"வேணாங்க, இருமல் வந்துரும்."

ஊதினார். சத்தம் கண்மாயைத் தாண்டிப் போனது. மூச்சு அறுபடவில்லை. ஊரே குலவையிட்டது. பூமயில் அழுதுகொண்டே, மூச்சில் ஏறி இறங்கிய அவர் வயிற்றைப் பார்த்தாள்.

நொதி அடங்கிவிட்டது. பின்னிய நாரெல்லாம் பிரிந்துவிட்டது. தொப்புளும் ஒரு தழும்புதான். அது இருந்த இடம் வழவழவென்று இருந்தது.